கிரவலைப் பிடித்து நிறுத்துவது எது?

மாரி முடிந்த கையோடு திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவிலுள்ள குறிஞ்சாக்கேணி ஒழுங்கைகளில் டிப்பர்கள் ஓடத் தொடங்கும். வீதியிலிருந்து விறாந்தை வரையுள்ள வழிக்கு ஒரு கியூப், இரண்டு கியூப் கிரவல் இறக்கி, மண்வெட்டியால் பரவி, அதன்மேல் ஓட்டோவை நாலு தரம் ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். முதல் மாதம் வளவு செம்மண் நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். வைகாசியில் கச்சான் எழும்பியதும் அதே கிரவல் தூசாகி, யன்னல் வழியே சோற்றுக் கோப்பை வரை வரும். ஐப்பசி பிறந்து வாடையோடு மழை இறங்கினால் மிச்சம் இருப்பது சேறாகி, பாதி வடிகானுக்குள்ளும் பாதி அயல் வளவுக்குள்ளும் போய்ச் சேரும். தை பிறந்ததும் திரும்ப டிப்பருக்குச் சொல்லி அனுப்புவோம்.

இந்தச் சுற்றை நிறுத்த இன்று பலவிதமான வழிகள் சொல்லப்படுகின்றன. தேன்கூட்டுப் பிளாஸ்டிக் சட்டம், நிலத்துக்கடியில் விரிக்கும் துணி, கிரவலோடு சீமெந்து கலத்தல், சுண்ணாம்பு கலத்தல், கொங்கிரீட், இன்டர்லொக் கல், தூசி அடங்க உப்போ எண்ணெயோ தெளித்தல். ஒவ்வொன்றுக்கும் அதை விற்பவர் ஒருவர் இருக்கிறார், போட்டுப் பார்த்துப் புகழ்பவர் ஒருவர் இருக்கிறார். இவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கவே கூடாது என்று ஒரு தீர்ப்புக்கு வருவதுதான் இக்கட்டுரையின் வேலை. வெளிநாட்டுப் பனிக்கும் சரிவுக்கும் எழுதப்பட்ட தீர்ப்பு நமக்கு உதவாது. கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் களப்புக்கும் நடுவில், தட்டையான, தாழ்ந்த நிலத்தில் நிற்கும் ஒரு வளவுக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி.

முதலில் எதை வைத்து அளப்பது என்று தெளிவாக வேண்டும். கார் புதையாமல் ஓடினால் போதும் என்பதையே பலர் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அது போதாது. இங்குள்ள பெரும்பாலான வீட்டு வழிகளில் கார் ஓடுவதைவிடக் கால்தான் அதிகம் நடக்கிறது. துவிச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், ஓட்டோ, அறுவடை நாளில் நெல் மூட்டையோடு வரும் லான்ட்மாஸ்டர், ஆண்டுக்கு ஒரு தரம் மலக்குழி இறைக்க வரும் பவுசர் எல்லாம் அதே வழியால்தான் வரவேண்டும். கைத்தடியோடு பள்ளிக்குப் போகும் மூத்தவரும், சக்கர நாற்காலியில் கிளினிக்குக்குப் போகும் பெத்தாவும் அதே வழியால்தான் போகவேண்டும்.

குறிஞ்சாக்கேணியில் வழி என்பது ஒருபோதும் சிறிய விடயமாக இருந்ததில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி, புதுப் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், களப்பைக் கடக்க விடப்பட்டிருந்த படகுப் பாதை கவிழ்ந்து அன்றே ஆறு உயிர்கள் போயின. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் அவர்களில் இருந்தார்கள். அந்தத் துயரத்தை ஒரு வீட்டு வாசலோடு ஒப்பிட நான் துணியமாட்டேன். பாலம் போடுவது அரசின் கடமை, வாசல் வழியைச் சரியாக்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு. ஆனால் அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு வழியை எடைபோடும்போது, நவம்பர் மாத மழையில் ஒரு பிள்ளையும் ஒரு முதியவரும் அதில் பத்திரமாகப் போய்வர முடியுமா என்பதையே முதல் கேள்வியாக வைக்கிறேன். இதோடு இன்னும் மூன்று கேள்விகள். கச்சானில் தூசி எழும்பாதா? அந்த வழியால் வெளியேறும் நீர் யாருடைய வளவுக்குப் போகிறது? பழுதானால் ஊரில் கிடைக்கும் ஆளும் பொருளும் வைத்தே திருத்த முடியுமா?

கிரவல் ஏன் கலைகிறது என்பதை விளங்கிக்கொள்ளாமல் மருந்து தேடுவதால்தான் காசு வீணாகிறது. ஒரு கிரவல் படுக்கை நிலைத்து நிற்பது மூன்று விடயங்களால். கற்கள் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். கற்களுக்கிடையிலான வெளியை மணலும் களியும் நிறைத்துப் பசையாக நிற்க வேண்டும். அடிநிலம் நனைந்து இளகாமல் இருக்க வேண்டும். மூன்றையும் கெடுப்பது தண்ணீர். திருகோணமலைக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. நவம்பரும் டிசம்பரும் தலா 300 மில்லிமீட்டரைத் தாண்டும் மாதங்கள். ஆனியில் பெய்வதோ பெயருக்குத்தான். ஆகவே இங்கே கிரவல் இரண்டு எதிரெதிர் சோதனைகளுக்கு உட்படுகிறது. களி கூடினால் மாரியில் வழுக்கும், குறைந்தால் கச்சானில் தூசியாகிப் பறக்கும்.

கணக்கைப் பாருங்கள். 3 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளமுள்ள வழி ஒன்றின் பரப்பு 36 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் மழை பெய்த ஒரு நாளில் அதன்மேல் விழுவது 3,600 லீற்றர். பக்கத்தில் நிற்கும் 80 சதுர மீட்டர்க் கூரையிலிருந்து இறங்குவது 8,000 லீற்றர். பீலி இல்லாத கூரையென்றால் அந்த 8,000 லீற்றரில் பாதியாவது நேரே வழிமேல் கொட்டுகிறது. கிரவலை அரிக்கும் நீரில் பெரும்பங்கு வானத்திலிருந்து நேரே வழிமேல் விழுந்ததல்ல, நமது கூரையே கொண்டுவந்து ஊற்றியது. எந்தச் சட்டமும், எந்தத் துணியும், எந்த மூட்டைச் சீமெந்தும் இதற்கு ஈடுகொடுக்காது. பீலி பூட்டி, குழாய் இறக்கி, அந்த நீரை வேறு பக்கம் திருப்பாதவர் மற்ற எதைப் போட்டாலும் அது தற்காலிகம்தான்.

இரண்டாவது, வழியின் வடிவம். நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரிய வேண்டும். தார் வீதிக்கு நூற்றுக்கு 2, 3 வீதச் சரிவு போதும் என்பார்கள். கிரவலுக்கு 4 வீதத்துக்குக் குறையக்கூடாது. 3 மீட்டர் அகலத்தில் நடுமுதுகு ஓரத்தைவிட 6 சென்டிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள். இதில் நமக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. கார் ஓடினால் இரு தடம் பள்ளமாகும், நடுமுதுகு தப்பிவிடும். ஓட்டோவின் முன்சில்லு நடுமுதுகின்மேலேயே ஓடும். முதுகு தட்டையாகி, பிறகு குழியாகி, அந்தக் குழியில் நீர் நிற்கும். ஆகவே ஓட்டோ நிற்கும் வீட்டில் முதுகை இன்னும் ஓர் அங்குலம் உயர்த்திப் போடுவதும், ஆண்டுக்கு ஒரு தரம் வாரி ஒழுங்குபடுத்துவதும் தவிர்க்க முடியாதவை.

இனி கல்லுக்கு வருவோம். கண்ணுக்கு அழகான, கழுவிய, ஒரே அளவான உருண்டைக் கூழாங்கல்லை வாசலில் கொட்டும் பழக்கம் புது வீடுகளில் பரவிவருகிறது. இதைப்போல் ஏமாற்றம் தரும் தெரிவு வேறில்லை. உருண்டைக் கல்லுக்குக் கவ்வ முனை கிடையாது. ஒரே அளவென்பதால் இடைவெளியை நிறைக்கச் சிறுகல்லும் கிடையாது. எவ்வளவு உருளையிட்டாலும் அது படுக்கையாகாது. மோட்டார் சைக்கிளின் தாங்குகால் புதைந்து வண்டி சாயும், சக்கர நாற்காலி ஓரடிகூட நகராது. பூச்சட்டி ஓரத்தில் போட மட்டும் அது உதவும்.

உடைத்த கல்லின் அருமையை விதியாக்கியவர் ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜோன் லவுடன் மக்கடம். 1816இல் பிரிஸ்டல் வீதிகளின் பொறுப்பை ஏற்றபோது, அடியில் பெரும் பாறைத் துண்டுகளை அடுக்கும் பழைய முறையைக் கைவிட்டு, ஏறத்தாழ 170 கிராமுக்கு மேற்படாத உடைகல்லை மட்டுமே பரவச் சொன்னார். பாரத்தைத் தாங்குவது அடிநிலம்தான், அதை உலர்வாக வைத்திருப்பதே கல்லின் வேலை என்பது அவர் வாதம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வாதத்தின் இந்தப் பாதி அசையாமல் நிற்கிறது. மற்றப் பாதியில் அவர் பிழைவிட்டார் என்பது என் கருத்து. கல்லோடு மண் கலக்கவே கூடாது என்றார் அவர். பின்வந்த பொறியியலாளர்கள் கல்தூளும் நீரும் உருளையும் சேர்த்தபோதுதான் அந்தப் படுக்கை இறுகியது. தார் பூசாமல் திறந்து கிடக்கும் ஒரு மேற்பரப்புக்கு ஓரளவு பசை கட்டாயம் வேண்டும். நமது செங்கிரவலில் அந்தப் பசை இருக்கிறது. பல சமயம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்பதே அதன் குறை.

எவ்வளவு பசை சரி? மண்ணைச் சல்லடையிட்டால் 0.075 மில்லிமீட்டர்க் கண்ணால் விழும் நுண்தூள் நூற்றுக்கு 8 முதல் 15 வரை இருப்பது மேற்பரப்புக்கு நல்லது. வீட்டில் அந்தச் சல்லடை இருக்காது. கண்ணாடிப் போத்தலில் பாதிக்குக் கிரவலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி ஓரிரவு வைத்தால், அடியில் கல், அதன்மேல் மணல், எல்லாவற்றுக்கும் மேலே வழுவழுப்பான களி எனப் படியும். மேல்படை மொத்தத்தில் கால்பங்கை நெருங்கினால் அந்தக் கிரவலைத் தனியே போட வேண்டாம். மாரியில் அது வழுக்கியே தீரும். களிப்படை கண்ணுக்கே தெரியாவிட்டால் அது வெறும் சரளை, கச்சானில் கலைந்துவிடும். டிப்பர்காரரிடம் விலை பேசும் முன் ஒரு சிரட்டை மண் வாங்கி இதைச் செய்து பார்ப்பது, பிறகு வாங்கப்போகும் எந்த விலையுயர்ந்த பொருளையும்விடப் பயன் தரும்.

தேன்கூட்டுச் சட்டத்தை நியாயமாக எடைபோட வேண்டும், ஏனெனில் அதன் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்க இராணுவப் பொறியியற் படையின் விக்ஸ்பர்க் ஆய்வு நிலையம், கடற்கரை மணலில் கனரக வாகனம் ஓட்டுவது எப்படி என்று தேடியது. பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைத்து, அவற்றுக்குள் மணலை நிரப்பி, மேலே வண்டி ஓட்டிப் பார்த்தார்கள். பக்கவாட்டில் ஒதுங்க இடமில்லாத மணல், கல்லைப்போலப் பாரம் தாங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய தேன்கூட்டு அறை முறை. ஆக, அதன் பிறப்பே மணலுக்காகத்தான். நமது கரையோர மணல் வளவுகளுக்கு இது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் விக்ஸ்பர்க்கில் சோதித்ததும் வீட்டு வாசலுக்கென்று விற்பதும் ஒன்றல்ல. அங்கே அறைகள் ஆழமானவை. இங்கே வருவது பெரும்பாலும் 3, 4 சென்டிமீட்டர் உயரமுள்ள மெல்லிய தட்டு. அது மேற்கல் சிதறாமல் பிடிக்கும். அடிநிலம் இளகினால் தட்டும் கல்லும் சேர்ந்தே புதையும். இரண்டாவது குறை வெயில். இந்தப் பிளாஸ்டிக் மீட்டருக்கு, ஒரு பாகை வெப்பத்துக்கு, 0.15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். 12 மீட்டர் ஓட்டத்தில், விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் 30 பாகை வேறுபாடென்றால், 5 சென்டிமீட்டருக்கு மேல் நீள இடம் தேடும். இடைவெளி விட்டுப் பூட்டாவிட்டால் தட்டு முதுகை வளைத்து மேலெழும். கொங்கிரீட் அதே நிலையில் நீளுவது 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்றாவது, கல் கலைந்து விளிம்பு வெளியே தெரிந்தால் வெயிலில் நொறுங்கும் துண்டுகள் மழையோடு களப்புக்குப் போகும். மீன்பிடித்து வாழும் ஊருக்கு அது சிறிய விடயமல்ல.

என் முடிவு இது. அடியில் வெறும் மணல் மட்டுமே உள்ள வளவில், 10 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள அறைகளை, கல்லால் முழுக்க மூடி, ஓரம் கட்டிப் போடுவதென்றால் அது நல்ல முதலீடு. களிநிலத்தில் மெல்லிய தட்டு வாங்குவது வீண்.

துணியைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. ஆனால் அது இங்குள்ள பொருள்களில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது, மிகக் கூடுதலாக உதவுவது. வயலைத் தூர்த்து வீடு கட்டிய இடங்களில் அடியில் களி. மாரியில் அந்தக் களி இளகி, ஒவ்வொரு சில்லு அழுத்தத்துக்கும் கற்களுக்கிடையே மேலேறும், கல் கீழிறங்கும். மூன்று ஆண்டில் போட்ட கல் எங்கே போனது என்று தேடுவோம். அது அடியில்தான் கிடக்கிறது. நடுவில் ஒரு ஜியோடெக்ஸ்டைல் விரித்தால் நீர் போகும், களி ஏறாது, கல் இறங்காது. விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று 30 சென்டிமீட்டராவது ஏறியிருக்க வேண்டும்.

தென்னை நார் விரிப்பு நமது நாட்டிலேயே கிடைக்கிறது என்பதால் மனம் அதன் பக்கம் சாய்கிறது. இந்தியாவில் 2020இல் பிரதமர் கிராம சாலைத் திட்டத்தின்கீழ் ஏழு மாநிலங்களில் 1,674 கிலோமீட்டர் சாலையில் நார் விரிப்புப் போடத் தீர்மானித்தார்கள். அதில் தமிழ்நாட்டின் பங்கு 369 கிலோமீட்டர். நார் சில ஆண்டுகளில் மக்கிவிடும், அதற்குள் அடிநிலம் இறுகிவிடும் என்பது அதன் அடிப்படை. கரை அரிப்பைத் தடுக்கவும், வழியின் ஓரச் சரிவைப் பிடிக்கவும் நார் வலை மிகச் சிறந்தது. ஆனால் கண் அகன்ற சாதாரண நார் வலை ஈரக்களியை வடிகட்டாது. ஆகவே வழியின் அடியில் அதைத் தனியே நம்ப வேண்டாம். கையில் காசில்லாதவர் வெற்று உரப் பைகளை வெட்டி விரிப்பதைப் பார்த்து யாரும் குறைவாக எண்ண வேண்டியதில்லை. அதுவும் பொலிப்புரொப்பிலீன் நெசவுதான். உள்ளே பொலித்தீன் ஒட்டாத பையாக, தாராளமாக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, வெயில் படாமல் மூடினால் களியைத் தடுக்கும். நீர் போகும் வேகம் மட்டும் குறைவு.

இனி, ஊரில் அதிகம் நம்பப்படும் வைத்தியம். கிரவலோடு சீமெந்து தூவிக் கலந்து தண்ணீர் தெளிப்பது. இதுவும் தன்னளவில் பழுதான யோசனையல்ல. 1935இல் அமெரிக்காவின் தென் கரோலைனாவில் ஜோன்சன்வில் அருகே மண்ணும் சீமெந்தும் கலந்து போட்ட வீதியிலிருந்து அந்த முறை உலகெங்கும் பரவியது. ஆனால் அங்கெல்லாம் அது அடிப்படை. மேலே தாரோ வேறு பூச்சோ வரும். மூடாத சீமெந்து மண்ணுக்குத் தேய்மானம் தாங்கும் வலு இல்லை. சில்லு திரும்பும் இடத்தில் தோலுரிந்து, உரிந்த இடத்தில் குழி விழும். சாதாரண கிரவலில் குழி விழுந்தால் வாரி நிரப்பலாம். இதில் குழிக்குள் கொட்டிய கிரவல் பக்கத்தோடு ஒட்டாது.

செலவுக் கணக்கும் அதற்கு எதிராகவே நிற்கிறது. மேலே சொன்ன 36 சதுர மீட்டரில் 15 சென்டிமீட்டர் தடிப்புக்கு 5.4 கன மீட்டர், ஏறத்தாழ 11 தொன். நூற்றுக்கு 5 வீதம் சீமெந்து என்றால் 540 கிலோ, அதாவது 11 மூட்டை. அதே பரப்பை 10 சென்டிமீட்டர்க் கொங்கிரீட்டால் மூடவே 23 மூட்டைதான். பாதிச் சீமெந்தைச் செலவழித்து, கொங்கிரீட்டின் பலமும் இல்லாமல், கிரவலின் திருத்தும் வசதியும் இல்லாமல் நிற்பதை எப்படிப் பரிந்துரைப்பது? 2022 பொருளாதார நெருக்கடியில் ஒரு மூட்டைச் சீமெந்துக்காக அலைந்ததை மறக்காதவர்கள் நாம். சுண்ணாம்பின் கதை வேறு. அது களியோடு வேலை செய்யும், மணலோடு செய்யாது. வயல் களி மட்டும் கிடக்கும் அடிநிலத்தில், கல் போடுமுன் நூற்றுக்கு 4 வீதம் சுண்ணாம்பு கலந்து இடித்தால் இளக்கம் குறையும். மணலுக்குச் சுண்ணாம்பும் கொழுத்த களிக்குச் சீமெந்தும் கலப்பவர்கள் மருந்தை மாற்றிக் கொடுக்கிறார்கள்.

தூசி அடக்க ஊற்றும் பொருள்களை நான் முழுவதுமாக நிராகரிக்கிறேன். கல்சியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தூசியை அடக்கும் என்பது உண்மை. அதை முதல் வாடை மழை கழுவி நிலத்தடி நீருக்குள் இறக்கிவிடும் என்பதும் உண்மை. வழியிலிருந்து சில பாகத் தூரத்தில் கிணறு இருக்கும் வளவில் அதைச் செய்ய யாருக்கும் உரிமையில்லை. கழிவு ஒயில் ஊற்றுவது அதைவிடக் கொடிது. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற சிற்றூரில் 1970களின் தொடக்கத்தில் தூசி அடங்க வீதிகளில் தெளித்த கழிவு எண்ணெயில் டயொக்சின் கலந்திருந்தது. 1982 டிசம்பரில் வெள்ளம் வந்தது. அடுத்த ஆண்டே அரசு அந்த ஊரை முழுவதுமாக விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம்மிடம் உள்ள ஒயிலில் டயொக்சின் இல்லாமலிருக்கலாம், ஆனால் வெள்ளம் உண்டு, கிணறும் உண்டு.

மிஞ்சி நிற்பது கொங்கிரீட்டும் இன்டர்லொக் கல்லும். முதியவரின் கைத்தடிக்கும் சக்கர நாற்காலிக்கும் கொங்கிரீட்டைப்போல் உதவும் பரப்பு வேறில்லை. தூசியும் இல்லை, சேறும் இல்லை. இதை மறைத்துக் கிரவலைப் புகழ்வது நேர்மையாகாது. அதன் குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. விழும் நீரில் ஒரு சொட்டையும் அது நிலத்துக்கு விடாது. தட்டை நிலத்தில் அந்த நீர் போக இடம் வேண்டும்.

கிண்ணியாப் பகுதியில் சில ஆண்டுகளாக நடப்பதைக் கண்ணுள்ள எவரும் காணலாம். வீதி உயர்த்தப்படுகிறது. வீதி உயர்ந்ததால் முன்வீட்டுக்காரர் வளவை உயர்த்துகிறார். அவர் உயர்த்தியதால் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு டிப்பர் கூடுதலாக இறக்குகிறார். கடைசியில் எல்லா நீரும் எவருக்கு உயர்த்த வசதியில்லையோ அவர் வீட்டுக் குசினிக்குள் போய் நிற்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து மாவட்டத்தின் தென்பகுதி தத்தளித்தது. அவ்வளவு பெரிய வெள்ளத்தை எந்த வாசலும் தடுக்காது. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் சாதாரண மழையில் முழங்கால் வரை நீர் நிற்கும் வீடுகளை ஆக்குவது மகாவலி ஆறு அல்ல, நாமேதான். அயலவர் உரிமையைப் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்து, நமது கொங்கிரீட் நீரை அவர் வேலிக்குள் திருப்பிவிடுவது தவறு. ஒரு வாசல் வழியைப் பற்றிய திறனாய்வில் இதை ஓரமாக வைக்க முடியாது. எனக்கு இதுவே எடைக்கற்களில் கனமானது.

நீர் தேங்குவதைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. 2017இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கியதிலிருந்து மக்களுக்குச் சேற்றுக்குழி என்றாலே பயம். அந்தப் பயம் நியாயம்தான். ஆனால் டெங்கு நுளம்பு சேற்று நீரைவிடத் தெளிந்த நீரைத் தேடும். கிரவல் வழியின் கலங்கிய குழியைவிட, சரிவில்லாமல் கட்டி, மூடி போட்டு, உள்ளே தெளிந்த நீர் நிற்கும் சீமெந்து வடிகானே கூடுதல் ஆபத்து. ஓரத்தில் மண்ணிலேயே வெட்டி, புல் வளரவிட்ட ஆழமில்லாத வாய்க்கால் நீரைச் சீக்கிரம் உறிஞ்சிவிடும்.

இரு தடம் மட்டும் கொங்கிரீட் போட்டு நடுவில் புல் விடும் முறை 9 மூட்டைச் சீமெந்தோடு முடியும். காருக்கு அது அருமை. ஓட்டோவின் முன்சில்லு நடுவிலேயே இறங்குமென்பதால் நமது வீடுகளில் பாதிக்கு அது உதவாது. இன்டர்லொக் கல் கொங்கிரீட்டைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன். இடைவெளிகளால் ஓரளவு நீர் இறங்கும், குழாய் உடைந்தால் கழற்றித் திரும்ப அடுக்கலாம். ஆனால் அதன் அடியில் போடவேண்டிய கல் படுக்கையும் ஓரக்கட்டும் நல்ல கிரவல் வழிக்குப் போடுவதேதான். அதைச் சரியாகப் போட்டவருக்கு மேலே கல் அடுக்குவது எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடிய அடுத்த படி. சரியாகப் போடாதவர் அடுக்கிய கல் அலைஅலையாக இறங்கியதைப் பல வாசல்களில் பார்க்கலாம்.

ஆகவே தீர்ப்பு. கையில் உள்ள காசின் முதற்பங்கு பீலிக்கும் ஓரவாய்க்காலுக்கும். அடுத்தது, களிநிலமென்றால் துணிக்கு. மணல்நிலமென்றால் தண்ணீர் ஊற்றி நனைத்து இறுக்குவதற்கும், இரு பக்கமும் கல் புதைத்து ஓரம் கட்டுவதற்கும், வசதியிருந்தால் ஆழமான தேன்கூட்டு அறைக்கும். அதன்மேல் கிரஷரில் ஏ.பி.சி. என்று கேட்டால் தரும் கருங்கல் கலவை, பெரிய கல்லிலிருந்து தூள்வரை எல்லா அளவும் கலந்தது, இறுகிய நிலையில் 10 சென்டிமீட்டர். மேலே 5 சென்டிமீட்டருக்கு, இரண்டு பங்கு சிறுசல்லியும் கல்தூளும், ஒரு பங்கு செங்கிரவலும். கிரவல் பசையில்லாததென்றால் புற்றுமண் சேர்க்கலாம். மொத்தத்தில் 5.4 கன மீட்டர் இறுகிய படுக்கைக்கு, தளர்ந்த நிலையில் 7 கன மீட்டர், அதாவது இரண்டரை கியூப் வாங்க வேண்டும். ஒரே தரத்தில் கொட்டி உருட்டாமல் 7, 8 சென்டிமீட்டர் கொண்ட படைகளாகப் பரவி, ஒவ்வொன்றையும் ஈரமாக்கி இறுக்க வேண்டும். ஈரம் சரியா என்று அறிய, கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் நீர் கசியக்கூடாது. வாடகைக்கு இடிக்கும் இயந்திரம் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் திமிசுக் கட்டையும் இரண்டு இளைஞரும் போதும். ஒரு கியூப் கிரவல் நாலரைத் தொன் எடை. டிப்பர் முடிந்த படுக்கையின்மேல் ஏறாமல் வீதியோரத்திலேயே இறக்கவிட வேண்டும்.

வீட்டில் சக்கர நாற்காலியோ, நடக்கச் சிரமப்படும் மூத்தவரோ இருந்தால் இந்தத் தீர்ப்பில் ஒரு திருத்தம் உண்டு. வழியின் ஒரு பக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு மட்டும் இன்டர்லொக் அல்லது கொங்கிரீட் நடைபாதை. மற்ற 2 மீட்டரும் கிரவலாகவே இருக்கட்டும், நீர் அதில் இறங்கட்டும். வீதியைத் தொடும் வாயில், சில்லு திரும்பும் முதல் ஒன்றரை மீட்டருக்கும் கொங்கிரீட் நியாயம். அங்கே எந்தக் கிரவலும் நிற்காது.

வேலைக்கு உகந்த காலம் மாசி. மழை ஓய்ந்திருக்கும், நிலத்தில் ஈரம் மிச்சமிருக்கும், இறுக்குவதற்குத் தண்ணீர் அள்ளி ஊற்றத் தேவை குறைவு. கால் கியூப் மேற்கலவையைக் கூடுதலாக வாங்கி, வளவின் மூலையில் தார்ப்பாயால் மூடி வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசியின் முதல் பெருமழை விட்ட மறுநாள், ஈரம் காயுமுன், குழியை ஓரம் செங்குத்தாக வெட்டி, அதே கலவையால் நிரப்பி, இடித்துவிட வேண்டும்.